நாற்பத்தொரு பேருக்கு ஒரு சீட்டு

என் வாய்தான் எனக்கு எதிரி என்று என் கணவர் சொல்வார். அவர் சொல்கிற எதுவும் எனக்குப் பிடிக்காது. இது உண்மை என்பதால் இன்னும் பிடிக்காது.

நான் வேலை பார்ப்பது ஒரு பெரிய சலவைக் கூடத்தில். ஏழு ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஆபரேஷன் துணி எல்லாம் எங்களிடம்தான் வரும். என்ன கோலத்தில் வரும் என்று நான் விவரித்தால் இன்று நீங்கள் சாப்பிட மாட்டீர்கள். அதைப் பிரித்து, ரகம் பார்த்து, தள்ளுவண்டியில் போடுகிற இடத்துக்கு அழுக்குப் பிரிவு என்று பெயர். அங்கே எனக்குப் பதினோரு வருஷம் ஓடிவிட்டது. மொத்தம் தொண்ணூற்றொரு பேரில் நாற்பத்தொரு பேர் எங்கள் பிரிவு. மீதி ஐம்பது பேர் வாஷிங், டிரையர், அயர்ன், மடிப்பு என்று நான்கு பிரிவுகளில் இருக்கிறார்கள்.

எங்கள் பிரச்சினை ஊசி. வார்டில் போட்டு முடித்த ஊசியை அதற்கென்று வைத்த டப்பாவில் போடச் சோம்பல்பட்டு, விரிப்போடு சேர்த்துச் சுருட்டி அனுப்பிவிடுவார்கள். எங்களுக்குக் கொடுக்கிற கையுறை பலூன் கனம்கூட இருக்காது. ஊசி அதனிடம் அனுமதி கேட்டுக்கொண்டு நுழைவதில்லை.

போன வருஷம் நெட்டைக்குக் குத்தியது. நெட்டை என் பக்கத்து மேஜைக்காரி, நான் சேர்ந்த அன்றே சேர்ந்தவள், என் ஒரே சிநேகிதி. அந்த ஊசியில் யாருடைய ரத்தம் இருந்தது என்று யாருக்கும் தெரியாது. மூன்று மாதம் அவளை வரச்சொல்லி வரச்சொல்லி ரத்தம் எடுத்தார்கள். அந்த மூன்று மாதமும் அவள் தன் மகளுக்குத் தலைகூட வாரிவிடவில்லை. ஒன்றுமில்லை என்று முடிவு வந்த அன்று கழிவறையில் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் அழவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டால் அழுகை வராது.

அன்றுதான் தொழிலாளர் குழுத் தலைவர் தேர்தலில் நிற்பது என்று முடிவு செய்தேன். மாதக் கூட்டத்தில் ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு எதிரே உட்கார்ந்து பேசுகிற உரிமை தலைவருக்கு மட்டும்தான் உண்டு. எனக்கு இரண்டே கோரிக்கை. எங்களுக்குக் கெட்டியான கையுறை வேண்டும், வார்டிலேயே துணியை உதறிப் பார்த்து அனுப்ப வேண்டும். அதற்குச் சாட்சியாக, எங்கள் மேஜைகளில் கிடைத்த ஊசிகளை ஒரு தண்ணீர் பாட்டிலில் சேர்த்து வந்தேன். முப்பத்தேழு ஆகியிருந்தது.

என்னை எதிர்த்து நின்றவள் என் ஓரகத்தி. மடிப்புப் பிரிவு. வெள்ளை வெளேரென்று வருகிற துணியை நாற்காலியில் உட்கார்ந்து மடிக்கிற உத்தியோகம். மேனேஜருக்கு அவள் செல்லம். அவர் என்ன சொன்னாலும் அவளுக்குத் தலை தானாக ஆடும். என் கொழுந்தன் அவளைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து நாங்கள் ஒரே சமையலறையில் இரண்டு அடுப்பு வைத்து வாழ்கிறோம். "தள்ளுங்கக்கா", "பால் பொங்குது பார்" இவ்வளவுதான் எங்கள் பேச்சுவார்த்தை. நான் அவளுக்கு வைத்த பெயர் மகாராணி. அவள் எனக்கு வைத்த பெயர் என் காதுக்கு இன்னும் வரவில்லை. நல்ல பெயராக இருக்காது.

ஆனால் கணக்கு என் பக்கம் இருந்தது. எங்கள் பிரிவின் நாற்பத்தொரு ஓட்டோடு வெளியிலிருந்து ஐந்து ஓட்டு வந்தால் போதும், மகாராணி தலைகீழாக நின்றாலும் என்னை ஜெயிக்க முடியாது. அந்தப் புதன்கிழமை வரை அப்படித்தான் இருந்தது.

புதன்கிழமை மதியம் எங்களுக்கு இங்கிலீஷ் வகுப்பு. ஆஸ்பத்திரிச் சீட்டும் மெஷின் திரையும் இங்கிலீஷிலேயே இருப்பதால் கம்பெனி செய்த ஏற்பாடு. கேன்டீன் மேஜைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு ஒரு வெள்ளைப் பலகையை நிறுத்துவார்கள். டீச்சருக்கு இருபத்தைந்து வயது இருக்கும். நாங்கள் தப்பாகச் சொன்னால் அவள் முகம் வாடிவிடும், ஏதோ அவள் தப்புச் செய்ததுபோல. கடைசி நாற்காலியில் மேனேஜர் வருகைப் பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு போனைத் தடவிக்கொண்டிருப்பார்.

அன்றைக்குப் பதினான்காம் பாடம். நாட்டின் ஜனாதிபதியை யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது தலைப்பு. சில நாடுகளில் மக்கள் நேராக ஜனாதிபதிக்கு ஓட்டுப் போடுவதில்லை. ஒவ்வொரு மாநிலத்திலும் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தப் பிரதிநிதிகள் கூடி ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இதுவரை எல்லோரும் தலையாட்டினார்கள். அடுத்த வரியில் வண்டி நின்றுவிட்டது. நாடு முழுவதும் அதிக ஓட்டு வாங்கியவர் சில சமயம் தோற்றுவிடலாம்.

"அது எப்படி டீச்சர்? புக்குல தப்பா அச்சடிச்சுட்டாங்களா?" என்றார் வாஷிங் பிரிவில் சோப்பு கலக்கிறவர்.

"இல்லீங்க, சரிதான்" என்று சொல்லிவிட்டு டீச்சர் மெதுவான இங்கிலீஷில் விளக்க ஆரம்பித்தாள். ஒரு வரைபடம் போட்டாள். அதில் அம்புக்குறி போட்டாள். அம்புக்குறிக்கு மேல் இன்னொரு அம்புக்குறி போட்டாள். கடைசியில் அது சிக்கெடுக்காத தலைபோல் ஆகிவிட்டது.

"நம்ம ஓட்டு செல்லாதுன்னா நாம எதுக்குப் போகணும்? வீட்டுலயே படுத்துக்கலாமே" என்றார் மொட்டை. டிரையர் பிரிவின் மூத்த ஆள் அவர். சிரித்து நான் பார்த்ததில்லை.

"செல்லாதுன்னு இல்லீங்க" என்று டீச்சர் மறுபடியும் அம்புக்குறிக்குப் போனாள். அவள் கண் கலங்குவது தெரிந்தது. எனக்கு இரக்கம் வந்தது என்று சொன்னால் பொய். எரிச்சல்தான் வந்தது. புரிந்த விஷயத்தைப் பக்கத்தில் இருப்பவர்கள் புரியாமல் பிசைந்துகொண்டிருந்தால் என்னால் சும்மா இருக்க முடியாது. எழுந்துபோய் பேனாவை அவள் கையிலிருந்து வாங்கினேன்.

"நாடும் வேண்டாம், ஜனாதிபதியும் வேண்டாம். நம்ம இடத்தையே எடுத்துக்கோங்க" என்று ஐந்து கட்டம் போட்டேன். எங்கள் பிரிவுக்குப் பெரிய கட்டம். "தலைவர் எலெக்‌ஷன். நானும் மகாராணியும் நிக்கிறோம். செக்‌ஷனுக்கு ஒரு பிரதிநிதி. அழுக்கு செக்‌ஷன்ல நாப்பத்தோரு பேரும் எனக்கே போடறாங்க. நமக்கு ஒரு பிரதிநிதி. சரியா? வாஷிங்ல எனக்கு அஞ்சு, அவளுக்கு ஆறு. பிரதிநிதி அவ ஆளு. டிரையர்ல எனக்கு மூணு, அவளுக்கு அஞ்சு. அயர்ன்ல ஏழு, எட்டு. மடிப்புல ஏழு, ஒன்பது. இப்பக் கூட்டிப் பாருங்க."

நெட்டைதான் முதலில் கூட்டினாள். முதல் வரிசையில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினாள். "உனக்கு அறுபத்து மூணு. அவளுக்கு இருபத்தெட்டு."

"பிரதிநிதி?"

"உனக்கு ஒண்ணு. அவளுக்கு நாலு." அவள் வாய் திறந்தபடி நின்றது. "அடிப்பாவி, நீ தோத்துட்டே."

கேன்டீனே புரிந்துகொண்டது. சோப்புக்காரர் கை தட்டினார். டீச்சர் என் பக்கம் வந்து தாழ்ந்த குரலில், "பெரிய மாநிலத்துக்கு அதிகப் பிரதிநிதிகள் இருப்பாங்க, அதையும் சொல்லிடுங்க" என்றாள்.

"அதெல்லாம் அப்புறம் டீச்சர். முதல்ல இது மண்டையில ஏறட்டும்." பெரிய கட்டத்தைப் பேனாவால் தட்டினேன். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், எனக்கு நிறுத்த மனசில்லை. "இதுல இன்னொரு வசதி இருக்கு. தொண்ணூத்தோரு பேரையும் சரிக்கட்ட வேண்டாம். அஞ்சு பேர்ல மூணு பேரைச் சரிக்கட்டினா வேலை முடிஞ்சுது."

எல்லோரும் சிரித்தார்கள். நெட்டைதான் அதிகம் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு. மேனேஜர் எழுந்து முன்னால் வந்து பலகையைப் போனில் படம் எடுத்தார். "ரொம்பத் தெளிவாச் சொன்னீங்கம்மா" என்றார். அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எனக்குத் தலைகால் புரியவில்லை.

திங்கட்கிழமை அறிவிப்புப் பலகையில் காகிதம் ஒட்டியிருந்தது. எல்லாப் பிரிவுகளுக்கும் சம மரியாதை தரும் பொருட்டு, இந்த முறை பிரிவுக்கு ஒருவர் வீதம் ஐந்து பிரதிநிதிகள் தேர்ந்தெடுக்கப்படுவார்கள். அவர்கள் மேனேஜர் அறையில் ரகசியச் சீட்டு மூலம் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். ஆறு விதிகள் இருந்தன. மூன்றாவதுக்கு மேல் நான் படிக்கவில்லை. கண்ணுக்கு எழுத்துத் தெரியவில்லை.

நேராக மேனேஜர் அறைக்குப் போனேன். "என்ன சார் இது?"

"நீங்க சொன்னதுதாம்மா. நல்ல முறையாத் தெரிஞ்சுது."

"பெரிய மாநிலத்துக்கு அதிகப் பிரதிநிதின்னு டீச்சர் சொன்னாங்களே."

"அதெல்லாம் அப்புறம்னு நீங்கதானே சொன்னீங்க." அவர் முகத்தில் சிரிப்புகூட இல்லை. சிரித்திருந்தால் கையில் கிடைத்ததை எடுத்து வீசியிருப்பேன்.

அன்று மாலை சமையலறையில் மகாராணி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். பல வருஷத்துக்குப் பிறகு ஒரு முழு வாக்கியம் பேசினாள். "போர்டுல நல்லா எழுதினீங்களாமேக்கா, எனக்கு அன்னிக்கு ஷிஃப்ட், பாக்கக் குடுத்து வைக்கல." நான் என் அடுப்பைச் சத்தமாகப் பற்றவைத்தேன்.

சரி, விளையாட்டு இதுதான் என்றால் இதிலேயே பார்த்துவிடலாம். அயர்னும் மடிப்பும் மேனேஜர் கண் பார்வையில் வேலை செய்கிற பிரிவுகள், போனது போனதுதான். எங்கள் பிரிவு என் கையில். வாஷிங்கும் டிரையரும் வேண்டும். பத்து நாள் டீ நேரத்தில் டீ குடிக்காமல் அலைந்தேன். வாஷிங் டிரம்மிலும் ஊசி சிக்குவதால் சோப்புக்காரருக்கு நான் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வாஷிங்கின் பிரதிநிதியாக அவர்தான் வந்தார். டிரையருக்கு மொட்டை வந்தார். அவரிடம் பாட்டிலை நீட்டி முப்பத்தேழு ஊசியையும் குலுக்கிக் காட்டினேன்.

"நேராவே ஒண்ணு சொல்றேன்" என்றார் அவர். "எனக்கு உன்னைப் பிடிக்காது. நீ பேசினா காது வலிக்கும். ஆனா அவளை அதைவிடப் பிடிக்காது. என் சீட்டு உனக்கு."

எங்கள் பிரிவுக்கு யார் பிரதிநிதி என்று கேட்கவே வேண்டியிருக்கவில்லை. வேட்பாளர் பிரதிநிதியாக இருக்கக்கூடாது, அதனால் நெட்டை. நாற்பத்தொரு கையும் ஒன்றாகத் தூக்கினோம். அவள் எழுந்து நின்று, "என் கையில குத்தின ஊசிக்கு நானே பதில் சொல்லிட்டு வரேன்" என்றாள்.

ஐந்து பேரும் உள்ளே போனார்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நாங்கள் நின்றோம். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மேனேஜர் வெளியே வந்து காகிதத்தைப் பார்த்துப் படித்தார். மடிப்புப் பிரிவு வேட்பாளருக்கு மூன்று சீட்டு. அழுக்குப் பிரிவு வேட்பாளருக்கு இரண்டு.

நான் யோசிக்கவில்லை. மொட்டையின் முன்னால் போய் நின்றேன். "எவ்வளவு நாளாய்யா மேனேஜர் கூட பேச்சு? முகத்துக்கு நேரா பிடிக்கும் பிடிக்காதுன்னு பேசினியே, அந்த வாய்க்கு வெக்கமா இல்ல?" இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவருடைய வயதையும் பார்க்கவில்லை, பக்கத்தில் அவர் மருமகள் நின்றதையும் பார்க்கவில்லை. என் பின்னால் எங்கள் பிரிவுப் பெண்கள் ஆளுக்கு ஒரு வார்த்தை போட்டார்கள்.

"உனக்குத்தான் போட்டேன்" என்றார் அவர். ஒரே தடவைதான் சொன்னார். நெட்டை என் தோளைப் பிடித்து இழுத்தாள். "வா, போகலாம், விடு" என்றாள். அவள் கை ஜில்லென்று இருந்தது. தோல்வியின் வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த திங்கட்கிழமை அவள் மேஜைக்கு வரவில்லை. உடம்பு சரியில்லையோ என்று நினைத்தேன். பத்து மணிக்கு யாரோ சொன்னார்கள், பணிப் பட்டியலைப் போய்ப் பார் என்று. அழுக்குப் பிரிவு, நாற்பது பேர். மடிப்புப் பிரிவு, பதினேழு. பதினேழாவதாக அவள்.

போர்டுக்கு முன்னால் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. பிறகு டிரையர் பக்கம் போனேன். மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. மொட்டையின் முன்னால் போய் நின்றேன், அவ்வளவுதான் முடிந்தது. அவர் என்னைப் பார்க்காமலே, "தள்ளி நில்லு, கதவு சூடா இருக்கு" என்றார்.

அந்த வாரம் மேலும் இரண்டு ஊசி வந்தது. ஒன்று தையல் போடுகிற வளைந்த ஊசி. பாட்டிலைக் கொண்டுபோய் சமையலறை மேடையில், மகாராணியின் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். எனக்கு அது எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"நீதானே தலைவர். இதைக் கூட்டத்துல காட்டு."

அவள் பாட்டிலைத் தொடவில்லை. "வீட்டுல வெச்சு ஆபீஸ் பேச வேண்டாம்க்கா. மனு எழுதுங்க. ஆஸ்பத்திரிக்குப் போறதால இங்கிலீஷ்ல இருக்கணும். செக்‌ஷன் பிரதிநிதி கையெழுத்தோட வந்தாத்தான் நான் எடுத்துக்க முடியும். ஆறாவது விதி."

எழுதினேன். இரண்டு நாள், அகராதியைப் புரட்டிப் புரட்டி ஒரு பக்கம் எழுதினேன். டீச்சரிடம் கொடுத்தபோது அவள் இரண்டு இடத்தில்தான் திருத்தினாள். நாற்பது பேரும் அடியில் கையெழுத்துப் போட்டார்கள். ஒரு கையெழுத்துப் பாக்கி.

மடிப்புப் பிரிவுக்கு நான் அதிகம் போனதில்லை. அங்கே வெளிச்சம் அதிகம், சத்தம் குறைவு. நெட்டை ஜன்னலோரம் உட்கார்ந்து தலையணை உறை மடித்துக்கொண்டிருந்தாள். கையுறை இல்லை. வெறும் கை.

"நீயா?" என்றேன்.

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. "ஆமா."

"என்ன குடுத்தான் அவன்?"

"இந்த நாற்காலி."

"உனக்காகத்தான்டி நின்னேன். கழிவறையில நீ அழுதே பாரு, அதுக்காக நின்னேன்."

"தெரியும். எனக்குத் தெரியாதா?" இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "நீ ஜெயிச்சிருந்தா கிளவுஸ் வந்திருக்கும். கூட்டம் போட்டு, சண்டை போட்டு, எழுதி, திருப்பி எழுதி, எப்படியும் வாங்கியிருப்பே. ஒரு வருஷம் ஆகும், இல்ல ரெண்டு வருஷம் ஆகும். அது வரைக்கும் என் கையை நான் எங்க வெச்சுக்கறது?"

அவளை அறைய வேண்டும் என்று இருந்தது. அந்தக் கையைப் பார்த்தால் அறையவும் முடியவில்லை. மனுவை அவள் மடித்து வைத்த உறைகளின் மேல் வைத்தேன்.

"கையெழுத்துப் போடு."

அவள் முழுவதும் படித்தாள். இங்கிலீஷில் விரல் வைத்துப் படிப்பது அவள் பழக்கம். படித்துவிட்டுப் பேனாவை எடுத்தாள். போட்டிருப்பாள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"அவங்க கையெழுத்து செல்லாதுக்கா." இரண்டு நாற்காலி தள்ளி மகாராணி. "அவங்க இப்ப மடிப்பு செக்‌ஷன். அழுக்கு செக்‌ஷனுக்கு எப்படிப் போடுவாங்க?"

"அப்ப எங்க பிரதிநிதி யாரு?"

"காலி இடம். பிரதிநிதி செக்‌ஷன் மாறினா அடுத்த எலெக்‌ஷன் வரைக்கும் அந்த இடம் காலியா இருக்கும். அஞ்சாவது விதி. படிக்கலையா நீங்க? நீங்கதானே எல்லாத்தையும் படிச்சு விளக்கறவங்க."

அடுத்த தேர்தலுக்கு இரண்டு வருஷம் இருக்கிறது. நெட்டையின் கையில் பேனா அப்படியே இருந்தது. மனுவை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

புதன்கிழமை வகுப்பில் டீச்சர் பழைய பாடங்களைத் திரும்ப நடத்தினாள். பதினான்காம் பாடத்துக்கு, நான் அன்று போட்டதுபோலவே ஐந்து கட்டம் போட்டிருந்தாள். பெரிய கட்டம், நாலு சின்னக் கட்டம். முதல் வரிசையில் நெட்டை தன் பையை எடுத்துத் தரையில் வைத்து, பக்கத்து நாற்காலியைக் காலி பண்ணினாள். நான் போய் மொட்டையின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் நாற்காலியை ஒரு சாண் தள்ளிப் போட்டுக்கொண்டார், ஆனால் எழுந்து போகவில்லை. கடைசி வரிசையில் மேனேஜர் வழக்கம்போலப் பதிவேட்டோடு இருந்தார்.

"நீங்கதான் இதை நல்லாச் சொல்வீங்க. வாங்க, இன்னொரு தடவை எல்லாருக்கும் சொல்லுங்க" என்று டீச்சர் என்னைக் கூப்பிட்டாள். பாவம், தேர்தலில் நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது.

எழுந்து போனேன். பேனாவை எடுக்கவில்லை. துடைப்பானை எடுத்துப் பெரிய கட்டத்தை அழித்தேன். நாலு சின்னக் கட்டம் மிஞ்சியது.

"ஐயோ, ஏன் அழிச்சிட்டீங்க?"

"அங்க நாப்பது பேர் இருக்காங்க டீச்சர். ஆனா பேச ஆள் இல்ல."

அவளுக்குப் புரியவில்லை. என் முகத்தையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வேலை நினைவு வந்து, "இங்கிலீஷ்ல சொல்லுங்க பார்க்கலாம்" என்றாள்.

கடைசி வரிசையைப் பார்த்துக்கொண்டே அதையே இங்கிலீஷில் சொன்னேன். டீச்சர் ஒவ்வொரு வார்த்தையாகக் கவனித்துக் கேட்டாள். ஒரு தப்பும் இல்லை என்றாள்.